உள்ளூர்த் தொலைக்காட்சி இனி எந்த வழியில் வரும்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது படம் கறுப்பு வெள்ளை. மொட்டை மாடியில் மீன்முள் போன்றதோர் ஆண்டெனாவை நட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று மேலிருந்து ஒருவர் கேட்க, "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கீழிருந்து ஒருவர் கூவ, அலைகளைப் பிடித்த காலம் அது. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அந்த அலுமினியக் கழிகள் சில மாடிகளில் இன்றும் இருக்கின்றன. துணி காயப்போட உதவுகின்றன. அவற்றுக்கு வேலை கொடுத்த தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022-க்குள் நாட்டின் பெரும்பகுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது.

அதன்பின் வந்த மாற்றங்களை யாவரும் அறிவர். 1982-இல் வண்ணம் வந்தது. 1990-களில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி வந்தது. 2016-க்குப் பிறகு மலிவான டேட்டா வந்தது. இன்று 56-சி பேருந்தில் தொங்கிக்கொண்டே கிரிக்கெட் பார்க்கிறோம். 2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தை இணையத்தில் ஒரே நேரத்தில் பார்த்தோர் தொகை 5.9 கோடி என்று அதனை ஒளிபரப்பிய நிறுவனம் அறிவித்தது. இத்தனை பேரை இணையம் தாங்குமா என்று முன்பு கேட்டார்கள். அந்த ஐயம் தீர்ந்துவிட்டது. எனக்குள்ள ஐயம் வேறு. ஆறு கோடி பேர் பார்க்கும் ஆட்டத்துக்கு வழி செய்துவிட்ட இணையம், ஐயாயிரம் பேர் மட்டுமே பார்க்கவேண்டிய ஒன்றுக்கு வழி செய்யுமா?

ஐயாயிரம் பேர் பார்க்க வேண்டியது எது? "லோக்கல் சேனல்" என்று நாம் சொல்வோமே, அதைத்தான் குறிப்பிடுகிறேன். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் மாசி உற்சவம், பள்ளி ஆண்டு விழா, காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகுகள் கிளம்பும் காட்சி, தெருமுனைக் கேரம் போட்டி, கீழே ஓடும் எழுத்தில் நகைக்கடை விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும். இவற்றைப் பெரிய சேனல்கள் காட்டா. புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற பிறகுதான் பல சேனல்கள் நம் பக்கத்துக் கேரம் பலகையைத் திரும்பிப் பார்த்தன. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் இந்தத் தெருக்களில் விளக்கைக் கட்டி விடிய விடிய ஆடியிருப்பார்கள்!

லோக்கல் சேனல் அன்று எப்படி வேலை செய்தது என்பதை விளக்கினால்தான் மேலே செல்ல முடியும். கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூமில் டிஷ்கள் பிடித்த ஒவ்வொரு சேனலையும் மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்கு மாற்றும். எல்லாவற்றையும் காம்பைனர் ஒன்றாக்கி ஒரே கம்பியில் அனுப்பும். ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 8 மெகாஹெர்ட்ஸ் இடம். காலியாக இருக்கும் இடத்தில் கேபிள்காரர் தாமே இன்னொரு மாடுலேட்டரைச் சொருகி, அதில் வீடியோ கேசட் கருவியையோ கேமராவையோ இணைத்துவிட்டால் லோக்கல் சேனல் தயார். யாரிடமும் தொழில்நுட்ப அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒரு தெருக்காரர் தம் தெருவுக்கே ஒளிபரப்பாளர் ஆனார். உலகில் எளிதில் காணமுடியாத ஓர் ஏற்பாடு இது என்றால் மிகையாகாது.

இந்த ஏற்பாட்டை இணையம் கெடுத்தது என்று பலர் நினைக்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. இணையம் வருமுன்பே இது தளர்ந்துவிட்டது. 2003 செப்டம்பர் முதல் நாள் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் முறை வந்தது. பின்னர் நான்கு பெருநகரங்களும் முழு டிஜிட்டலுக்கு மாற வேண்டிய கெடுவாக 2012 அக்டோபர் இறுதி குறிக்கப்பட்டது. சென்னையில் வழக்குகளால் அது இழுபட்டது. டிஜிட்டலில் படம் தெளிவு; ஓர் அனலாக் சேனல் பிடித்த அதே 8 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 38 மெகாபிட் வேகத்தில் பதினைந்துக்கு மேற்பட்ட சேனல்களை அடக்கலாம். இவை நன்மைகளே. ஆனால் சேனல்கள் யாவும் பெரிய நிறுவனத்தின் தலைமை நிலையத்தில் பூட்டப்பட்டு வருகின்றன. அங்கே பட்டியலில் ஏறாத சேனலை நம் வீட்டுப் பாக்ஸ் திறக்காது. தெருக்கோடியில் மாடுலேட்டரைச் சொருகும் வேலை அத்தோடு முடிந்தது. லோக்கல் சேனலை நடத்த விரும்புபவர் அதைத் தலைமை நிலையம் வரை கொண்டுபோய், இடத்துக்குக் கட்டணமும் கொடுக்கவேண்டும். 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இத்தகைய சேனல்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். மொத்தச் சேனல் இடத்தில் 5 விழுக்காட்டுக்குமேல் இவற்றுக்குத் தரலாகாது. உள்ளூர்ச் செய்தி சொல்ல வேண்டுமானால் நிறுவனமாகப் பதிவான அமைப்பாக இருக்கவேண்டும். ஒழுங்கு தேவைதான். ஆயினும் கேசட் கருவி ஒன்றை வைத்துத் தொடங்கிய கேபிள்காரருக்கு இது எட்டாத உயரம்.

எனவே அவர்கள் யூடியூப் பக்கம் வந்தனர். இது தஞ்சம் புகுந்த கதை என்பதே என் எண்ணம்.

இணையவழி நேரலையின் உள்வேலையைச் சற்றுப் பார்ப்போம். பழைய தரத்திலான ஒரு படச்சட்டத்தில் 720-க்கு 576 புள்ளிகள். விநாடிக்கு 25 சட்டங்கள், புள்ளிக்கு 16 பிட். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 16.6 கோடி பிட். இதை அப்படியே எந்த வீட்டுக்கும் அனுப்ப இயலாது. ஆகவே சுருக்குகிறார்கள். முதலில் ஒரு சட்டத்தை முழுமையாக அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த சட்டங்களில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதே அடிப்படை. காசிமேட்டுத் துறைமுகச் சுவர் மாறுவதில்லை. அதன்முன் போகும் படகு மட்டும் நகர்கிறது. "படகு இத்தனை புள்ளி வலப்புறம் நகர்ந்தது" என்று சொன்னால் போதும். 2003-இல் வெளிவந்த எச்.264 என்ற முறையில் 15 லட்சம் பிட்டிலேயே பார்க்கத்தக்க படம் கிடைத்துவிடும். அதாவது நூற்றில் ஒரு பங்கு. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சுவரைச் சுருக்குவது எளிது, கடலைச் சுருக்குவது கடினம். அலையில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. கைப்பேசி நேரலையில் கடல் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிவதற்கு இதுவே காரணம். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுருக்கிய படத்தை ஆறு விநாடி, பத்து விநாடித் துண்டுகளாக வெட்டி சர்வரில் வைப்பார்கள். நம் கைப்பேசி அத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு ஓட்டும். அதனால்தான் பக்கத்து வீட்டுக் கேபிளில் சிக்சர் அடித்து ஊரே கத்தி முடித்த பிறகு, நம் கைப்பேசியில் பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்குகிறார்! செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், அலை அங்கே போய்த் திரும்பக் கால் விநாடி கூட ஆவதில்லை. தாமதம் தூரத்தால் வருவது சிறிது. துண்டுகளைச் சேர்த்துவைக்கும் முறையால் வருவது பெரிது.

தாமதம்கூடப் பெரிய குறையன்று. ஒளிபரப்புக்கும் இணையத்துக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. கோயில் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் அதற்கு மின்செலவு ஒன்றே. இதுவே ஒளிபரப்பு. இணையமோ தண்ணீர் லாரி போன்றது. ஒவ்வொருவரும் தம் குடத்தைக் கொண்டுவந்து தனித்தனியே பிடிக்கவேண்டும். 20,000 வீடுகள் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கின்றன என்று கொள்வோம். கேபிளில் 15 லட்சம் பிட் ஒருமுறை போனால் போதும். இணையத்தில் 20,000 முறை போகவேண்டும். விநாடிக்கு 3,000 கோடி பிட். இந்தச் சுமையைப் பெரிய நிறுவனங்கள் நகரந்தோறும் சர்வர்களை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கான செலவை விளம்பரத்திலும் சந்தாவிலும் எடுக்கின்றன. ஐயாயிரம் பேர் பார்க்கும் சேனலுக்கு அந்த வரவு இல்லை. ஆகவே அது தனக்கென்று ஒரு வழி அமைக்க முடியாமல், இலவசமாக இடம் தரும் பெரிய நிறுவனத்தின் திண்ணையில் அமர்கிறது. திண்ணைக்காரர் எழுந்திரு என்றால் எழுந்திருக்கத்தான் வேண்டும்.

பார்ப்பவர் பக்கமும் கணக்கு உண்டு. 15 லட்சம் பிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 675 மெகாபைட் செலவாகும். இரண்டு மணி நேரத் தேரோட்டம் 1.35 ஜி.பி. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில், குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி இருக்கும் வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. தேரைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு மகனின் பாடம் இல்லை.

பட்டறிவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு வீடியோகிராபருக்கு உதவியாளாகப் போவதுண்டு. கேபிள் சுருட்டுவது, ட்ரைபாட் தூக்குவது, லேப்டாப்பில் நேரலையைக் கவனிப்பது என் வேலை. சென்ற ஆண்டு ஒரு கோயில் விழாவில் காலையெல்லாம் நேரலை அருமையாகப் போயிற்று. தேர் நிலையைவிட்டு நகர்ந்ததும் படம் உறைந்துவிட்டது. காரணம் எளிது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுத்து அனுப்பினார்கள். ஒரே டவரின் மேற்செல்லும் பாதையை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டதில் எங்கள் பங்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. கூட்டம் மிகுந்த நேரத்தில்தான் நேரலைக்கு மதிப்பு. அதே நேரத்தில்தான் அது அறும். கடைசியில் எதிரிலிருந்த மளிகைக் கடைக்காரரைக் கெஞ்சி, அவர் கடையின் ஃபைபர் இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்த பிறகே படம் நகர்ந்தது. இன்னொரு நாள் ஒரு நிச்சயதார்த்தத்தில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டை வாசிக்க, பதிப்புரிமை என்று சொல்லி நேரலையின் ஒலியை நிறுத்திவிட்டார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு திருமண ஊர்வலத்திலும் சமயச் சடங்கிலும் பாட்டு வாசிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. அவ்விலக்கு இணைய நேரலை வரைக்கும் நீளுமா என்பது வழக்கறிஞர்கள் வாதிடவேண்டிய விஷயம். நிறுத்தியது வழக்கறிஞரன்று, ஒரு கணினி நிரல்.

விழாவும் கேரமும் நின்றுபோனால் வருத்தம்தான், ஆபத்தில்லை என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு 2023 டிசம்பர் மாதத்தை நினைவூட்டுகிறேன். மாத முற்பகுதியில் மிக்ஜாம் புயல். அதைத் தொடர்ந்து மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை பரவி எண்ணூர்க் குப்பங்களின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அது காயுமுன்பே டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து வரும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. மக்கள் ஒருவரையொருவர் தட்டி எழுப்பிக்கொண்டு குழந்தைகளோடு சாலைக்கு ஓடினார்கள். பலர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அந்த நேரத்தில் ஒரு குடும்பத்துக்குத் தேவையான செய்தி என்ன? எந்தத் தெரு, காற்று எந்தப் பக்கம், எந்தப் பள்ளியைத் திறந்திருக்கிறார்கள், பேருந்து எங்கே நிற்கிறது. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று வேதியியல் நூல் கூறும். ஆனால் குளிர்ந்த நிலையில் கசியும்போது அது நிலத்தை ஒட்டியே தவழும். ஆகவே காற்றின் திசை தெரியாமல் ஓடுகிறவர் வாயுவுக்குள்ளேயே ஓடக்கூடும். இச்செய்தி டெல்லிக்கும் வேண்டாம், கோவைக்கும் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையின் இருபுறத்துக்கும் உடனே வேண்டும். லோக்கல் சேனல் என்ற ஒன்று இருக்கவேண்டும் என்று நான் வாதிடுவது இதற்காகவே. நாள்தோறும் பார்த்துப் பழகிய சேனலைத்தான் ஆபத்து வேளையில் மனம் தேடும். நாள்தோறும் பார்ப்பதற்கு அதில் தேரும் கேரமும் இருந்தாகவேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. மின்சாரம் இல்லையேல் கேபிள் டிவியும் இல்லை. அத்தகைய நாளில் பேட்டரி போட்ட வானொலிப் பெட்டியை எதுவும் வெல்லவில்லை.

வெளிநாடுகளில் இந்தச் சிக்கலை எவ்வாறு அணுகினர்? அமெரிக்காவில் ஏரியோ என்ற நிறுவனம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் விரல்நுனி அளவிலான தனி ஆண்டெனாவை ஒதுக்கி, உள்ளூர்ச் சேனல்களைப் பிடித்து இணையத்தில் அனுப்பியது. இது தனியார் ஒருவர் தம் ஆண்டெனாவில் பார்ப்பதற்குச் சமம் என்பது அதன் வாதம். 2014 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லோகாஸ்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2018-இல் இதே பணியைத் தொடங்கி, நன்கொடை பெற்று நடத்தியது. 2021-இல் அதுவும் வழக்கில் தோற்று நின்றுவிட்டது. இரண்டு வழக்குகளிலும் தொழில்நுட்பம் வேலை செய்தது, உரிமைதான் இடறியது. பிரிட்டனில் வேறு பாதை. பி.பி.சி. முதலிய பொதுச் சேவைச் சேனல்கள் ஒன்றுகூடி 2024 ஏப்ரலில் ஃப்ரீலி என்ற இணையவழி நேரலை ஏற்பாட்டைத் தொடங்கின. அதே ஆண்டு இயற்றிய ஊடகச் சட்டம், இணையத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் பொதுச் சேவைச் சேனல்களின் செயலிகள் எளிதில் கண்ணில்படும் இடத்தில் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இணையான விதி கேபிளுக்கு மட்டும் உண்டு. 1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர்கள் கட்டாயம் காட்டவேண்டும் என்கிறது. ஊர்ச் சேனலுக்கு அக்கட்டாயம் இல்லை. இணையத்தில் எதற்குமே இல்லை. பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியைத் தொடங்கி, தூர்தர்ஷன் நேரலைகளை அதில் தருகிறது. நல்ல முயற்சி. ஆனால் தேடிப்போய் இறக்கிக்கொள்பவருக்கே அது கிடைக்கும்.

இனி வரக்கூடிய வழிகள் யாவை? டைரக்ட் டு மொபைல் என்ற முறையை ஐ.ஐ.டி. கான்பூரும் பிரசார் பாரதியும் சோதித்து வருகின்றன. கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்பை, டேட்டா இல்லாமலேயே, கைப்பேசி நேராகப் பிடித்துக்கொள்ளும். அதாவது 1975-ஆம் ஆண்டு ஆண்டெனா மறுபடியும் நம் சட்டைப்பைக்குள் வருகிறது. இயற்பியல் நோக்கில் இதுவே அழகான தீர்வு. ஒலிபெருக்கிச் செலவில் எல்லார்க்கும் போய்ச்சேரும். ஆனால் அதற்கென்று தனிச் சில்லு வேண்டும். இன்று நம் கையிலிருக்கும் கைப்பேசிகளில் அது இல்லை. மேலும் கோபுரம் அரசுடையது. அதில் எண்ணூருக்கு ஒரு சேனல் ஒதுக்குவார்களா என்பது எனக்கு நம்பிக்கையில்லாத ஒன்று. 2023 அக்டோபரில் தமிழகத்துக் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறி அதிர்ந்தது நினைவிருக்கலாம். செல் பிராட்காஸ்ட் என்ற அந்த முறையும் ஒளிபரப்பின் இனத்தைச் சேர்ந்ததே. ஒரு டவரின் கீழுள்ள எல்லாருக்கும் ஒரே செய்தி, நெரிசலின்றிப் போகும். எச்சரிக்கை மணிக்கு அது சிறந்தது. மணி அடித்தபின் என்ன செய்வது என்று காட்ட வேறொன்று வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது நம் கேபிள்காரரிடமே இருக்கிறது. நாட்டில் டி.டி.எச். சந்தாதாரர் தொகை 2021 மார்ச்சில் ஏறத்தாழ 7 கோடியாக இருந்து 2025 மார்ச்சில் 5.7 கோடியாகக் குறைந்துவிட்டது. கேபிளிலும் இதே தேய்வு. பிழைப்புக்காகப் பல கேபிள்காரர்கள் ஃபைபர் இணைப்பு கொடுக்கத் தொடங்கிவிட்டனர். பழைய கம்பி போன அதே மாடிகள் வழியே ஒளியிழை போகிறது. மல்டிகாஸ்ட் என்ற முறை ஒன்று உண்டு. சர்வர் ஒரே ஒரு பிரதியை அனுப்பும். தெருக்கள் பிரியும் இடத்திலுள்ள கருவிகள் அதை நகலெடுத்துக் கிளைகளுக்குக் கொடுக்கும். நாடு தழுவிய இணையத்தில் இது நடப்பதில்லை. ஒருவர் கையிலுள்ள வலைக்குள் தாராளமாக நடக்கும். கண்ட்ரோல் ரூமில் ஒரு கணினி, ஒரு என்கோடர், மல்டிகாஸ்ட் தெரிந்த சுவிட்சுகள் இருந்தால், ஒரு வார்டின் நேரலை அந்த வார்டைத் தாண்டாமலே வீடுகளுக்குப் போய்ச்சேரும். சந்தாதாரரின் டேட்டா கணக்கில் அதைச் சேர்க்காமலும் விடலாம். வெளியூரில் இருப்போருக்கும், துபாயிலும் கப்பல்களிலும் வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் அதே படத்தை யூடியூபிலும் அனுப்பலாம். திண்ணை போனாலும் வீடு இருக்கும்.

குறுக்கே நிற்பவை இரண்டு. ஒன்று, வலை கேபிள்காரரின் சொந்தமாக இல்லாமல், பெரிய நிறுவனத்தின் இணைப்பை அவர் கமிஷனுக்கு விற்பவராக இருந்தால், சுவிட்சின் அமைப்பை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. மற்றொன்று, 2022 நெறிமுறைகள் செட்டாப் பாக்ஸ் உலகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஃபைபர் வழியே ஒரு வார்டுக்கு மட்டும் போகும் சேனலைப் பெரிய நிறுவனத்தின் சேனலோடு ஒரே தட்டில் வைக்காமல், சிறியதற்கென்று எளிய பதிவு முறை வேண்டும். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுத்தபோது இயலாது என்று சொன்னவர்கள் உண்டு, நடந்தது. வார்டுதோறும் ஒரு சேனலுக்கு இடம் ஒதுக்கும் வேலையை அந்நிறுவனமே எடுத்துச் செய்யலாம்.

இதிலும் சேராதவர் ஒருசாரார் உண்டு. ஆழ்கடலுக்குப் போகும் காசிமேட்டு விசைப்படகுகளில் கரை மறைந்த சிறிது நேரத்தில் கைப்பேசி மௌனமாகிவிடும். ஒளியிழையும் மல்டிகாஸ்டும் துறைமுகச் சுவரோடு நின்றுவிடும். அவர்களுக்குப் புயல் செய்தி வயர்லெஸ்ஸிலும் வானொலியிலும் வருகிறது.